முதல் தடவை கேட்கையில் ‘ஃபியூனரல்’: ஏன் இவ்வளவு கூச்சல்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும், நண்பர்களோடு சேர்ந்து கிற்றார் வாசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’ இசைத்தொகுப்பை அவர் இரண்டு தடவை கேட்டாராம். இண்டி றொக் இசையின் தலைசிறந்த தொகுப்புகளில் ஒன்று என்று பலரும் சொல்ல நம்பிப் போனவருக்குக் கேட்டதெல்லாம் பாடகரின் உடைந்த குரலும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வாத்தியங்களும், ஊரே சேர்ந்து கத்துவது போன்ற சேர்ந்திசையுந்தான். பிழை தன் காதிலா, தொகுப்பிலா, இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், தங்கள் குழு இதிலுள்ள ‘வேக் அப்’ பாட்டை ஒரு நிகழ்ச்சியில் வாசிக்க எண்ணுகிறது, அது சரிவருமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் காதில் பிழையில்லை. உடைந்த குரல், நெரிசல், கூச்சல் என்று நீங்கள் குறித்தவை மூன்றும் அந்தத் தொகுப்பில் உள்ளவைதான்; அதைப் புகழ்கிறவர்களும் அவற்றையேதான் கேட்கிறார்கள். அவற்றை எந்த இடத்துச் சத்தமாக வைத்துக் கேட்பது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கச்சேரி மேடையில் வைத்துக் கேட்டால் அவை குறைகள். தொகுப்பின் பெயர் சொல்லும் இடத்தில் வைத்துக் கேட்டால் அப்படியல்ல.

அந்தப் பெயரை ‘இறுதிச் சடங்கு’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பிழையில்லாத மொழிபெயர்ப்பு, ஆனால் அதைச் சொன்னதும் வரிசையாகக் கறுப்பு உடுத்து அமைதியாக நிற்கும் மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எங்களிடம் அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: செத்தவீடு. இந்தச் சொல்லில் இறந்தவரைவிட வீடுதான் முன்னுக்கு நிற்கிறது. வீடு என்றால் முற்றம், பந்தல், அயல், வந்துபோகும் சனம், என்ன நடக்கிறதென்று விளங்காமல் ஓடித்திரியும் பிள்ளைகள் எல்லாமுந்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மாவின் தகப்பனார் காலமானார். பேரப்பிள்ளைகள் என்ற முறையில் எங்கள் ஏழு பேரின் கைகளிலும் பந்தங்களைத் தந்து பிரேதத்தைச் சுற்றி நிற்கவைத்தார்கள். தடியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி நெய்யில் தோய்த்துக் கொளுத்தியிருந்தார்கள். சூடான நெய் வழிந்து என் பெருவிரலில் சொட்டியது. கையை உதறினால் பேச்சு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது காதில் விழுந்தவற்றை இன்றைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வேன். உள்ளே பெண்களின் ஒப்பாரி, முற்றத்தில் சுண்ணம் இடிக்கும் உலக்கையின் சத்தம், அந்த உலக்கையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஒருவர் படித்துக்கொண்டிருந்த திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம், படலையடியில் பறைமேளம், செத்தவீட்டில் அடுப்பு மூட்டாததால் அயல்வீட்டிலிருந்து வாளியில் தேத்தண்ணி கொண்டுவந்தவர் ‘வழி விடுங்கோ, சுடும்’ என்று போட்ட சத்தம். ஒருவருக்கு இடம்விடுவதற்காக மற்றவர் குரலைத் தாழ்த்தவில்லை. ஆனாலும் அதை ஒருவரும் இரைச்சல் என்று சொல்லவில்லை. அவரவர் செய்யவேண்டியதை அவரவர் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

‘ஃபியூனரல்’ தொகுப்பை இந்த முற்றத்தில் வைத்துக் கேளுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். மேலே எழுதப்போவதெல்லாம் அதற்கான விளக்கமே.

பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் ஒலிப்பதிவு தொடங்கியது. அதை ஒட்டிய ஒரு வருடத்துக்குள் குழுவினரின் குடும்பங்களில் மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 2003 யூன் மாதத்தில் பாடகி றெஜீன் ஷசாஞ்சின் பேத்தியார், அதாவது பாட்டி, காலமானார். 2004 பெப்ரவரியில் பாடகர் வின் பட்லர், வில் பட்லர் சகோதரர்களின் பேரனார், அதாவது பாட்டனார், அல்வினோ றே காலமானார்; மின்சார ஸ்டீல் கிற்றாரின் முன்னோடிகளில் ஒருவரும், ஸ்விங் இசைக் காலத்தில் சொந்தமாக இசைக்குழு நடத்தியவருமான அவருக்கு அப்போது 95 வயது. அதே ஆண்டு ஏப்ரலில் குழுவின் இன்னொருவரான றிச்சர்ட் றீட் பரியின் அத்தை ஒருவர் மறைந்தார். தொகுப்பு 2004 செப்ரெம்பரில் வட அமெரிக்காவில் வெளிவந்தது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 48 நிமிடங்கள். அந்தப் பத்தில் ஒன்றுகூட நேரடியான இரங்கற்பா அல்ல. மரணம் நடந்த வீட்டுக்குள் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைத்தான் அவை பெரும்பாலும் சொல்கின்றன.

முதல் ஐந்து பாடல்களில் நான்குக்கு ‘நெய்பர்ஹூட்’, அதாவது ‘அயல்’ என்று பெயரிட்டு 1 முதல் 4 வரை இலக்கமும் இட்டிருக்கிறார்கள். முதலாவதான ‘டனல்ஸ்’ பாட்டில் பனி பெய்து ஊரே புதைந்துபோகிறது, பெரியவர்கள் அழுகிறார்கள், ஒரு பையன் தன் யன்னலிலிருந்து ஒரு பெண்ணின் யன்னல்வரை பனிக்குள்ளால் சுரங்கம் தோண்டிப் போகிறான். பெற்றோரின் துயரத்தை விட்டுத் தப்பிப்போன அந்த இருவரும் தலைமுடியை நீள வளரவிட்டு, தெரிந்தவர்களின் பெயர்களையும் மறந்து, வேறொரு வாழ்வைத் தொடங்குகிறார்கள். பங்கருக்குள் தாயம் விளையாடி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தக் கதையின் நியாயத்தைப் புதிதாக விளக்கவேண்டியதில்லை. பியானோவில் சுழன்று சுழன்று வரும் ஒரு சிறு துணுக்கோடு ஆரம்பிக்கும் பாட்டு, அதை விடாமல் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்ல ஓட்டமாகிறது. எந்த இடத்தில் நடை ஓட்டமாகியது என்று நான் பல தடவை கேட்டும் விரல்வைத்துக் காட்ட முடியவில்லை.

இரண்டாவது அயல்பாட்டின் பெயர் ‘லைக்கா’. 1957 நவம்பர் 3ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய நாயின் பெயர் அது. திரும்பிவரும் ஏற்பாடே இல்லாத பயணம். பாட்டில் வீட்டை விட்டுப் போகிறவன் மூத்த அண்ணன். குடும்பம் அவனை அனுப்பியதா, துரத்தியதா, அவனாகவே போனானா என்பது தெளிவாக இல்லை. அக்கோடியனும் தாளமும் நெருக்கித் தள்ளுகின்ற வேகத்தில் அந்தக் கேள்விக்கு நின்று பதில்சொல்ல ஒருவருக்கும் நேரமுமில்லை. மூத்தவனை எங்கோ அனுப்பிவிட்டுப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது ‘பவர் அவுட்’. இந்தப் பாட்டில் சற்று நின்றுகொள்ள விரும்புகிறேன். இதன் பின்னணியில் இருப்பது 1998 சனவரியில் கியூபெக் மாகாணத்தைத் தாக்கிய பனிமழை. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, கம்பிகளில் பனிக்கட்டியாகக் கனத்து, மின்கடத்திக் கோபுரங்களையே மடக்கி வீழ்த்தியது. மூன்று மில்லியனுக்கும் அதிகமானோர் மின்சாரத்தை இழந்தார்கள். சில இடங்களில் வாரக்கணக்காக இருள். என் மாமாவின் குடும்பம் அப்போது மொன்றியலில் ஓர் அடுக்குமாடியில் இருந்தது. வெப்பமூட்டி வேலைசெய்த ஒரே வீட்டில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் பாய்விரித்துப் படுத்ததாகவும், மாமி மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு ‘இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?’ என்று சிரித்ததாகவும் மச்சான் பிறகு சொன்னான். பாட்டில் பிள்ளைகள் வெளியில் பனியில் நிற்கிறார்கள், மின்கம்பிகளில் ஊஞ்சலாடுகிறார்கள்; வீட்டில் பெரியவர்கள் இருந்தும் இல்லாதது போல இருக்கிறது. கரடுமுரடான கிற்றாருக்கு மேலே சைலோபோன் துள்ளுகிறது. விளையாட்டுச் சாமான் போன்ற அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டால் பாட்டு வெறும் கோபமாகிவிடும். அது இருப்பதால், இருட்டில் விளையாடும் பிள்ளைகளின் களிப்பும் கேட்கிறது. மின்சாரம் இல்லாத ஊரில் வளர்ந்தவனுக்குத் தெரியும், இருட்டு பெரியவர்களுக்குத்தான் கவலை.

எங்களுக்கு 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு மின்சாரம் போனது. அதற்குப் பின் வந்த வருடங்களில் பாட்டுக் கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை றேடியோவுக்கோ கசற் றெக்கோடருக்கோ கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம். எங்கள் வீட்டில் சுற்றுகிறவன் நான். கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும், பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். ‘சுத்தடா’ என்று அதட்டல் வந்ததும் வேகமாகச் சுற்றினால் பாட்டு கீச்சிட்டுக்கொண்டு எழும்பும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தொகுப்பில் பல பாடல்கள் நடுவழியில் வேகம் மாறுகின்றன. முதல் தடவை கேட்டபோது உங்களுக்குத் தடுமாற்றம் தந்தவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். ‘கிரவுண் ஒஃப் லவ்’ வயலின்களோடு மெதுவாகச் சாய்ந்தாடும் காதற்பாட்டு. முடிவில் திடீரென்று நடனமண்டபத் தாளத்துக்குப் பாய்கிறது. ‘உன் அனே ஸோன் லுமியேர்’ அமைதியாகப் போய்க் கடைசியில் ஓடுகிறது. பிரெஞ்சு மொழியில் அமைந்த அந்தப் பெயருக்கு ‘வெளிச்சமில்லாத ஒரு வருடம்’ என்று பொருள். ஒரு வருடந்தானே என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிவிடக்கூடும். இந்த வேகமாற்றங்களை நான் இசையமைப்புத் தந்திரமாகக் கேட்பதில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று கையால் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குக் கேட்கிறது. கணினியில் ஒரே வேகத்துக்குப் பூட்டிவைத்த இசையோடு பழகிய காதுக்கு இது பிழையாகப் படுவதில் வியப்பில்லை.

அதற்கு ஒலிப்பதிவு நடந்த விதமும் காரணம். மொன்றியலின் ஹொட்டெல் டூ டாங்கோ என்ற கலையகத்தில், காந்த நாடாவில் பதிந்தார்கள். அந்தக் கலையகத்தின் பங்காளிகளில் ஒருவரான ஹவார்ட் பிலர்மன் ஒலிப்பதிவாளராக மட்டும் இருக்கவில்லை; பெரும்பாலான பாடல்களுக்கு ட்றம்ஸ் வாசித்தவரும் அவரே. சாறா நியூஃபெல்ட், ஓவன் பலெற் ஆகியோரின் வயலின்களோடு செல்லோ, அக்கோடியன், சைலோபோன் என்று கையில் அகப்பட்டதெல்லாம் உள்ளே வந்தன. கோயில் திருவிழாவில் இரண்டு கூட்டம் மேளகாரரும் சேர்ந்து சமா வைக்கும்போது இரண்டு நாதஸ்வரங்களும் மயிரிழை விலகி நிற்குமே, அந்த விலகலால்தானே சத்தம் வீதி முழுவதும் பரந்து நிற்கிறது? இங்கும் அதுவே நடக்கிறது. தனித்தனியே எடுத்துத் துடைத்து வைத்திருந்தால் பத்துப் பேர் வாசித்தது நான்கு பேர் வாசித்தது போலத்தான் கேட்டிருக்கும்.

குரல் பற்றிய உங்கள் முறைப்பாட்டுக்கு முழுமையாக மறுப்புச் சொல்லமாட்டேன். வின் பட்லரின் குரல் பயிற்சி பெற்ற குரல் அல்ல. உச்சத்துக்குப் போகும்போது அது நடுங்குகிறது, சில இடங்களில் சுருதியின் ஓரத்தில் தொங்குகிறது. சங்கீத ஆசிரியர் ஒருவரிடம் ஐந்து வருடம் வயலின் படித்தவன் என்ற முறையில் எனக்கும் முதலில் பல் கூசியது. ஆனால் ஒப்பாரி சொல்லும் பெண்ணிடம் சுருதிப்பெட்டியைக் கொண்டுபோய் எவரும் வைப்பதில்லை. குரல் எங்கே உடைகிறது என்பதைக் கவனித்தால், பெரும்பாலும் பாட்டில் பிள்ளைத்தனம் முடிந்து பெரியவரின் பேச்சுத் தொடங்கும் இடங்களில் உடைவது தெரியும். திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று இசையைச் சார்ந்தது, மற்றது காலத்தைச் சார்ந்தது. காலத்தைச் சார்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இண்டி என்பது ஆரம்பத்தில் ஓர் இசைவகையின் பெயர் அல்ல. பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் சிறிய வெளியீட்டாளர் மூலம் வெளியிடுவதைக் குறித்தது. சொந்தக் காசில் புத்தகம் அடித்து, வெளியீட்டு விழா வைத்து, மிஞ்சிய பிரதிகளைக் கட்டிலின் கீழ் அடுக்கிவைக்கும் எங்கள் எழுத்தாளர்களுக்கு இந்த முறை நன்றாக விளங்கும். ‘ஃபியூனரல்’ தொகுப்பை வெளியிட்ட மேர்ஜ் றெக்கோட்ஸ், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1989இல் இசைக்குழுவினர் இருவர் தொடங்கிய சிறு நிறுவனம். பிற்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் இத்தொகுப்புக்குப் பத்துக்கு 9.7 புள்ளிகள் கொடுத்தது. புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி 2005இல் நியூயோர்க்கில் அவர்களோடு ஒரே மேடையில் பாடினார். அதே ஆண்டில் அயர்லாந்தின் யூ2 றொக் குழு தனது சுற்றுப்பயணத்தில் மேடைக்கு வருமுன் ‘வேக் அப்’ பாட்டை ஒலிக்கவிட்டது. இப்படி ஒரு சின்னக் கடைச் சரக்கு ஒரே வருடத்தில் உலகச் சந்தைக்குப் போனதால், தொகுப்பு ஒரு காலகட்டத்தின் அடையாளமாகிவிட்டது. அந்த 9.7 கேட்பவருக்குச் செய்த நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் எண்ணம். பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு பேசப்போவது போன்றது அது.

எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்த 2005இல் மச்சான் ஊருக்கு வந்தபோது, தானே பிரதியெடுத்த சீடீ ஒன்றை, நீலப் பேனாவால் பெயரெழுதிக் கொண்டுவந்தான். யாழ்ப்பாண நகரில் ஒரு நெற் கபேயின் கணினியில், இரண்டு விரல் அளவு ஒலிபெருக்கியில் கேட்டேன். நான்காவது பாட்டோடு நிறுத்திவிட்டு, ‘நல்லாயிருக்கு’ என்று பொய் சொன்னேன். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊரடங்கு வந்த பிறகு, மாலைக்குப் பின் செய்வதற்கு ஒன்றுமில்லாத இரவுகளில் அந்தச் சீடீ மறுபடி கைக்கு வந்தது. வெளியில் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக ஹெட்போனில் கேட்டேன். அப்போதுதான் முதன்முறையாக அடித்தந்தி கிற்றாரும் (பேஸ் கிற்றார்) கீழே நடக்கும் ட்றம்ஸும் காதுக்கு வந்தன. ஊரடங்கு என்னை நல்ல ரசிகன் ஆக்கிவிட்டது என்றெல்லாம் கதை கட்ட விரும்பவில்லை. நல்ல ஹெட்போனும் நேரமும் கிடைத்தன, அவ்வளவே. நீங்கள் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ‘றெபெலியன்’ பாட்டின் முதுகெலும்பே அந்த அடித்தந்தி கிற்றாரும் விடாது இடிக்கும் ட்றம்ஸுந்தான். அவை இல்லாமல் அது பாதிப் பாட்டு.

பாடல்களை மாற்றி மாற்றிப் போட்டும் கேட்காதீர்கள். எட்டாவதான ‘ஹெயிட்டி’யின் முடிவிலிருந்து ‘றெபெலியன்’ இடைவெளியின்றி எழுந்து வருகிறது. அந்த இணைப்பை அறுத்தால் இரண்டுமே குறைந்துபோகும். ‘ஹெயிட்டி’யைப் பாடுகிறவர் றெஜீன் ஷசாஞ். அவருடைய பெற்றோர் டுவாலியே ஆட்சிக்காலத்தில் ஹெயிட்டியை விட்டு வெளியேறிக் கனடாவில் குடியேறியவர்கள். தந்தையும் மகனுமாக 1957 முதல் 1986 வரை நீடித்த கொடுங்கோலாட்சி அது. பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும், கடற்கரையில் நின்று முணுமுணுப்பது போன்ற மெல்லிய குரலில், தான் காணாத நாட்டையும் பிறக்காமலே போன உறவுகளையும் பற்றிப் பாடுகிறார். இசை கிட்டத்தட்ட ஆடத் தூண்டுவது. சொற்கள் புதைகுழிகளைப் பற்றியவை. மொன்றியலில் பிறந்த மச்சானின் மகள் எங்கள் ஊரைப்பற்றிப் பேசும்போது இதே தொனி வருவதைக் கவனித்திருக்கிறேன்: தான் வாழாத இடத்தின் துக்கத்தைச் சொல்வதற்கு அவளிடம் இருப்பது ஒரு மெல்லிய, சற்றே இனிமையான குரல் மட்டுமே. தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பாட்டும் இதுவே. நீலப் பேனாச் சீடீயில் இந்தப் பாட்டின் நடுவில் ஒரு கீறல். வருடக்கணக்காக, அந்த இடத்தில் துள்ளுவதையும் பாட்டின் பகுதியாகவே கேட்டுவந்தேன்.

எல்லாம் சிறப்பு என்று சொல்லமாட்டேன். நான்காவது அயல்பாட்டான ‘செவின் கெட்டில்ஸ்’ மென்மையானது. மூன்று அயல்பாடல்கள் ஓடிவந்த பிறகு மூச்சுவாங்க ஓர் இடம் தேவைதான். ஆனாலும் அது எனக்கு ஒருபோதும் தனித்து நிற்கவில்லை. தண்ணீர் கொதிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றிய பாட்டு, கொதிப்பதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ‘கிரவுண் ஒஃப் லவ்’ பாட்டின் காதல் வேதனை பதினெட்டு வயதில் எழுதிய கடிதம் போல மிகைப்பட்டது. கடைசி ஒரு நிமிட ஓட்டம் இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடுவேன். வரிகளிலும் இளமைக்கேயுரிய ஒரு படபடப்பு உண்டு: பெரியவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள், பிள்ளைகள் மட்டும் உண்மையை அறிவார்கள் என்ற நிலைப்பாடு, எனக்கு இப்போது இருக்கும் வயதில் அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை. செத்தவீட்டில் பொய் சொல்கிற பெரியவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது.

அந்த நிலைப்பாட்டுக்குத் தொகுப்பே கடைசிப் பாட்டில் ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. ‘இன் த பாக்சீற்’, அதாவது பின்னிருக்கையில். மறுபடியும் றெஜீன் பாடுகிறார். காரின் பின்னிருக்கையில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு போவது நிம்மதி. ஓட்டத் தேவையில்லை, வழி தெரியத் தேவையில்லை. பிறகு குடும்ப மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன, ஓட்டப் பழகவேண்டி வருகிறது. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு நாளில் நாங்கள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் வம்சாவழிப் பக்கம் எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நினைவுக்கு வரும். பேரனாரின் கல்வெட்டில் என் பெயர் கீழ்வரிசையில் கடைசியாக இருந்தது. அண்மையில் அச்சான ஒன்றில் நடுவரிசைக்கு ஏறியிருக்கிறேன். எனக்கு மேலே இருந்த வரிசையில் பாதிப் பெயர்களுக்கு முன்னால் ‘அமரர்’ சேர்ந்திருந்தது. பாட்டின் பிற்பகுதியில் சொற்கள் நின்று அவருடைய குரல் வெறும் கூவலாக உயர்கிறது. பின்னர் அதுவும் நின்று தந்தி வாத்தியங்கள் மட்டும் தேய்ந்து போகின்றன. தொகுப்பு முழுவதும் பலர் சேர்ந்து கத்திய பிறகு, இங்கே ஒருவர் தனியே கத்துகிறார். நீங்கள் குறைசொன்ன அந்தக் கூட்டுக் கூச்சல் எதற்காக இருந்தது என்பது அது இல்லாமற்போகும் இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இரண்டு தடவையும் இந்தப் பாட்டுவரை வந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வராவிட்டால், மூன்றாவது தடவை வேறொன்றும் மாற்றவேண்டாம், கடைசிவரை இருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

இனி ‘வேக் அப்’. தாராளமாக வாசிக்கலாம், ஆனால் குழுவில் நன்றாகப் பாடுகிறவரை முன்னுக்கு நிறுத்தி மற்றவர்களைப் பின்னால் ஒத்தூத விடுவதென்றால் வேண்டாம். அந்தப் பாட்டின் பல்லவி சொற்களே இல்லாத சேர்ந்திசை. விளையாட்டரங்குகளிலும் திரைப்பட முன்னோட்டத்திலும் ஒலித்து ஒலித்துத் தேய்ந்துபோனதும் அதுவே. ஒலிப்பதிவைக் கேட்கும்போது எனக்கே இப்போது சற்றுச் சலிப்புத்தான். நேரில் இருபது பேர் பாடினால் அந்தச் சலிப்பு போய்விடும். ஆகவே பாடத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் நண்பர்கள் எல்லாரையும் மேடைக்கு ஏற்றுங்கள். அந்த இடத்துக்கு ஒலிவாங்கி வேண்டாம்; ஆளுக்கொரு ஒலிவாங்கி கொடுத்தால் ஒலியமைப்புக்காரர் நல்ல குரலை உயர்த்திக் கெட்ட குரலைத் தாழ்த்திவிடுவார், பாட்டு அதோடு முடிந்தது. ஒலிப்பதிவின் சுருதியைக் கட்டிப்பிடிக்காமல் அந்த இருபது பேருக்கும் எட்டும் சுருதிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முடிவுக்குச் சற்று முன்னர் தாளம் அடியோடு மாறி, பழைய அமெரிக்க ஆட்டப்பாட்டுப் போலத் துள்ளத் தொடங்கும் இடத்தை ட்றம்ஸ் வாசிப்பவர் தனியாகப் பழகவேண்டும். அங்கே கிற்றார்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், கேட்போரைப் பார்க்கவேண்டாம்.

வயலினுக்கு மருதனார்மடத்தில் இசை படிக்கும் எவரையாவது கூப்பிடுங்கள், மகிழ்ச்சியாக வருவார்கள். அவர்களுடைய வயலின் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டியிருக்கும். மேலைத்தேய முறையில் நான்கு தந்திகளும் ஜீ, டீ, ஏ, ஈ என்று நிற்கும். அன்று ஒருநாளுக்காகத் தந்திகளை மாற்றிக் கூட்டச் சொன்னால் விரல் தடுமாறும். வாசிக்கவேண்டிய ஸ்வரங்களை அவர்களுடைய கூட்டலுக்கு ஏற்றவாறு எழுதிக் கொடுங்கள், சுருதி எதுவென்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டாலும் ஓரிரண்டு இடங்களில் வரும். வந்தால் விட்டுவிடுங்கள்.